முத்தியால்பேட்டைத் தீயும் மூலக்குளத்துப் பிரசவமும்

சும்மா சொல்லக் கூடாது, எங்கள் ஊர் ஒருங்கிணைந்த அவசர அழைப்பு மையத்தில் ஏசி நன்றாகவே வேலை செய்கிறது. திறப்பு விழாவுக்குத் தெருவுக்கு இரண்டு பேர் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முத்தியால்பேட்டை சாயப்பட்டறைத் தெருவிலிருந்து நானும் எதிர்வீட்டு மாவு மில் சக்கரபாணி அண்ணனும் போனோம். அண்ணன் பொழுதன்றைக்கும் மில் சூட்டில் வேகிறவர். அந்த ஏசிக் காற்று மேலே பட்டதுமே அரசாங்கத்தின் மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

உள்ளே வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் காதில் கருவி மாட்டிய ஒரு பெண். சுவரில் ஆளுயர எழுத்தில் ‘உங்கள் அவசரம், எங்கள் நிதானம்’ என்று எழுதியிருந்தது. தீ பிடித்தாலும் மார்வலி வந்தாலும் திருடன் வந்தாலும் இனிமேல் ஒரே எண்ணுக்குப் போன் செய்தால் போதுமாம். மையத்தின் இயக்குநர் வெற்றிவேல் சால்வையைச் சரிசெய்துகொண்டு மைக் முன்னால் வந்தார்.

“பெரியோர்களே, ஆபத்து என்பது ஒரு பிரச்சினையே அல்ல. அதைப் பலபேர் பார்ப்பதுதான் பிரச்சினை. ஒரு வீட்டில் அடுப்பு வெடித்தால் பத்து வீட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள். ஒருத்தர் தீ என்கிறார். ஒருத்தர் சத்தம் என்கிறார். இன்னொருத்தர் கொலை என்கிறார். குருடர்கள் யானையைத் தடவிய கதைதான். இனி அந்தக் குழப்பம் இல்லை. பக்கத்துப் பக்கத்து வீடுகளிலிருந்து வருகிற அழைப்புகளை எங்கள் கம்ப்யூட்டர் ஒன்றாகச் சேர்த்துவிடும். ஒரு தெரு, ஒரு சம்பவம்! சோதனை ஓட்டத்திலேயே நானூறு ஆபத்துகளை நாற்பதாகக் குறைத்திருக்கிறோம். வேறு எந்த ஊரிலும் ஆபத்து இவ்வளவு சீக்கிரம் குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.”

அண்ணன் கை சிவக்கத் தட்டினார். “படிச்சவங்க படிச்சவங்கதான்யா. நம்மளா இருந்தா பத்து வண்டிக்கும் டீசல் ஊத்திக்கிட்டு இருப்போம்” என்றார். வெளியே வரும்போது சமோசாவும் காபியும் கொடுத்தார்கள். அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த மாதமே மாசி மகம் வந்தது. மாசி மகத்தன்று புதுச்சேரியில் சாலையெல்லாம் சாமிக்குத்தான், மனுஷனுக்குக் கிடையாது. மயிலத்து முருகன், தீவனூர்ப் பிள்ளையார் என்று சுற்றுவட்டாரத்துச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்து சேரும். ஆட்டோக்காரர்கள் வண்டியைப் பூட்டிவிட்டுக் கடலில் முழுக்குப் போடப் போய்விடுவார்கள். அன்றைக்குத் தெருவில் உருள்கிற வாகனம் என்று எதையும் பார்க்க முடியாது.

ஊர்வலத்துக்கு யாரோ சரவெடி வைத்தார்கள். அதில் ஒன்று தப்பிப் போய் எங்கள் தெருவிலுள்ள சுப்பராயனின் மெத்தைக் கடைக்குள் விழுந்தது. பஞ்சு சும்மா இருக்குமா? கொழுந்துவிட்டு எரியவில்லை, ஆனால் புகை தெருவையே மூடிவிட்டது.

எங்கள் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டில் போன் செய்துவிட்டார்கள் என்று அடுத்த வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார். கல்யாணத்துக்கு வீட்டுக்கு வீடு தனித்தனியாக மொய் வைக்கிறோமில்லையா, அந்த மாதிரி இதற்கும் அவரவர் பங்குக்கு ஒரு போன் போட்டாக வேண்டும். போடாவிட்டால் நாளைக்குச் சுப்பராயன் முகத்தில் எப்படி விழிப்பது? ஒருத்தர் புகை என்று சொன்னார். ஒருத்தர் வெடிச் சத்தம் என்று சொன்னார். என் வீட்டுக்காரி யாரோ அலறுகிறார்கள் என்று சொன்னாள், அலறியது அவளேதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா இராமதாசுக்குப் பதற்றம் வந்தால் பிரெஞ்சுதான் வரும். அவர் பிரெஞ்சிலேயே கத்தித் தீர்த்தார். வெளிநாட்டுப் பயணிகளும் உள்ளே சிக்கியிருக்கலாம் என்று மையத்தில் குறித்துக்கொண்டார்களாம்.

போன் போட்ட கையோடு ஆளுக்கொரு குடத்தைத் தூக்கினோம். வண்டி வருவதற்குள் தீயை அணைத்தும் விட்டோம். சுப்பராயன் முகமெல்லாம் கரியாக நின்று, “போனது பஞ்சுதாங்க, உசுரு இல்ல” என்று எங்களுக்கே ஆறுதல் சொன்னார்.

அப்போதுதான் சக்கரபாணி அண்ணன் வீட்டிலிருந்து தனம் அண்ணியின் குரல் கேட்டது. மகள் அன்புசெல்விக்கு வலி கண்டுவிட்டது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பெண். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி எடுத்தால் வீட்டில் வைத்திருக்கவே கூடாது, படுக்க வைத்தபடியே கொண்டுவந்துவிட வேண்டும், தாமதித்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை கோபிநாத்துக்கு ஊரின் மறுகோடியில், மூலக்குளத்தில் வீடு. ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடிய ஆள் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அண்ணி வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடினார். அண்ணன் மட்டும் அசரவில்லை.

“ஏன்டி பதர்றே? அதுக்குன்னே ஏசி போட்டு உக்காந்திருக்காங்க” என்று சொல்லி செல்போனை எடுத்தார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“வணக்கம். உங்கள் அவசரம், எங்கள் நிதானம். நான் பூர்ணிமா பேசுறேன்.”

“அம்மா, எம் பொண்ணுக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸ் அனுப்பணும். முத்தியால்பேட்டை, சாயப்பட்டறைத் தெரு.”

“சாயப்பட்டறைத் தெருவா சார்? அந்தச் சம்பவம் ஏற்கெனவே பதிவாயிருக்கு.”

அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “பாத்தியா, நாம சொல்றதுக்கு முன்னாடியே பதிவு பண்ணிட்டாங்க” என்று எங்கள் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு, “வண்டி கெளம்பிடுச்சாம்மா?” என்றார்.

“கெளம்பிடுச்சு சார். தீயணைப்பு வண்டி.”

“தீயணைப்பு வண்டியா? பிரசவத்துக்கா?”

“சார், உங்க பக்கத்து வீட்லேர்ந்து புகைன்னாங்க. அடுத்த வீட்ல வெடிச் சத்தம்னாங்க. எதிர்வீட்டம்மா யாரோ அலர்றாங்கன்னாங்க. நீங்க வலின்றீங்க. எல்லாம் ஒரே சம்பவந்தான் சார். அவங்கவங்க பாத்த பக்கத்தச் சொல்றாங்க.”

“நான் பாத்த பக்கத்துல தீயே இல்லம்மா!”

“அதத் தெளிவுபடுத்தத்தான் சார் நாங்க இருக்கோம். உங்க அழைப்பையும் சேத்ததுல தீ மூணாம் தரத்துக்கு ஒசந்திருக்கு. இன்னும் ரெண்டு வண்டி கூட வரும்.”

உள்ளே அன்புசெல்வி “அம்மா” என்று கத்தினாள். அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. மேலே யாராவது இருந்தால் கொடும்மா என்று கெஞ்சினார். கொஞ்ச நேரம் நாதஸ்வரம் வாசித்தார்கள். பிறகு இயக்குநரே வந்தார்.

“சொல்லுங்கள். நான் பொறுமையாகக் கேட்கிறேன்.”

“சார், பொறுமையெல்லாம் வேணாம் சார். எம் பொண்ணுக்கு வலி. நெசமான வலி.”

“வலியை நான் மறுக்கவில்லையே! தீ விபத்து என்றால் வலி இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒரே தெருவில் ஒரே நேரத்தில் இரண்டு ஆபத்து வருவது லட்சத்தில் ஒன்று. அந்த ஒன்றை நம்பி அரசாங்கம் ஒரு வண்டியை வீணாக்க முடியுமா? நீங்களே ஒரு வரி கட்டுபவராக யோசித்துப் பாருங்கள்.”

அண்ணன் வரி கட்டுபவராக யோசித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. “அப்ப எம் பொண்ணுக்கு எப்ப சார் வண்டி வரும்?”

“இந்தத் தீ அணைந்து, சம்பவம் முடிக்கப்பட்ட பிறகு புதிதாகப் பதிவு செய்யலாம்.”

“தீ அணைஞ்சுடுச்சு சார்! நாங்களே அணைச்சுட்டோம்!”

“வண்டியே இன்னும் வந்து சேரவில்லை. வண்டி வராமல் தீ எப்படி அணையும்? அப்படி அணைந்தால் நாங்கள் எதற்கு? எங்கள் கணக்கில் தீ நன்றாக எரிந்துகொண்டிருக்கிறது. நீங்கள் பதற வேண்டாம்.”

போன் வைக்கப்பட்டது. அடப்பாவிகளா என்று எனக்கு வாயில் வந்தது.

இதற்குள் மூன்று தீயணைப்பு வண்டிகள் மணியடித்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்துவிட்டன. எங்கள் தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு மாட்டுவண்டி வந்தாலே ஒன்று பின்வாங்க வேண்டும். மூன்று வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. முதல் வண்டியிலிருந்து பெரிய மீசை வைத்த அதிகாரி ஒருவர் குதித்தார்.

“தீ எங்க?”

“அணைஞ்சுடுச்சு சார்” என்றோம் கோரஸாக.

அவர் நம்பாமல் வயர்லெஸ்ஸில் மையத்தைக் கேட்டார். கடைசியாக வந்த அழைப்பு மாவு மில் வீட்டிலிருந்து, எனவே தீ இப்போது மாவு மில்லில் இருக்கிறது, மேற்கொண்டு நடவடிக்கை எடுக்கவும் என்று உத்தரவு வந்தது. ஆட்கள் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

தனம் அண்ணி வாசற்படியில் வந்து நின்றார். கையில் மாவுச் சல்லடை. மகளுக்காக அழுத கண் அப்படியே சிவந்திருந்தது.

“உள்ள புள்ளத்தாச்சி துடிச்சிக்கிட்டு கெடக்கறா. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரட்டும், அப்பறம் இங்க வேற சம்பவம் நடக்கும்” என்றார்.

மீசைக்காரர் ஒரு நிமிஷம் அண்ணியைப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டார். குழாயைக் கீழே போடச் சொன்னார். “எனக்கும் ரெண்டு பொண்ணுங்கம்மா. ஆனா இந்த வண்டில ஏத்திக்க முடியாது. ஏத்தினா மெமோ குடுத்துடுவாங்க” என்றார்.

அண்ணன் மறுபடி மையத்துக்குப் போட்டார். பூர்ணிமாதான் எடுத்தாள். ‘உங்கள் அவசரம்’ என்று ஆரம்பித்தவள், அண்ணன் குரல் உடைந்து போயிருப்பதைக் கேட்டதும் நிறுத்தினாள். பிறகு சன்னமாகப் பேசினாள்.

“சார், நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இந்தத் தெருவப் பத்தி யார் பேசினாலும் தீயிலதான் போய்ச் சேரும். தூரத்துலேர்ந்து யாராச்சும், வேற அட்ரஸ்ல, பிரசவம்னு கூப்பிட்டா தனியா எடுத்துக்கும். உங்களுக்கு வெளில சொந்தம் யாராச்சும் இருக்காங்களா?”

அண்ணன் உடனே மூலக்குளத்திலிருந்த மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். கோபிநாத் பதறிப்போய் மையத்துக்குப் போன் செய்தான். மூலக்குளம் பக்கம் அன்றைக்கு வேறு யாருமே கூப்பிடவில்லை. எனவே அது சுத்தமான, கலப்படமில்லாத ஒரு புதுச் சம்பவமாகப் பதிவாகி, ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. மூலக்குளத்துக்கு.

அதை அவன் போன் செய்து சொன்னதும் அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். அன்புசெல்வியின் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. அண்ணன் அவள் தலையைத் தடவி, “கண்ணு, கொஞ்சம் பொறுத்துக்கம்மா” என்று சொல்லும்போது அவர் உதடு கோணிக்கொண்டு போனது. அவ்வளவு பெரிய மனுஷன் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சுப்பராயன்தான் முதலில் அசைந்தார். கடைக்கு ஓடி, மெத்தை ஏற்றிப் போகும் மூன்று சக்கர சைக்கிள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் தீயில் தப்பித்த ஒரே ஒரு மெத்தை.

“நல்ல இலவம்பஞ்சுண்ணே. கல்யாண ஆர்டரு. நனையக்கூட இல்ல. பாப்பாவ இதுல படுக்க வைங்க.”

“உங்கடைக்கு இந்த கதி, நீ போய்...”

“கடை எங்க போவப் போவுது? அது அங்கியே கெடக்கும். தூக்குண்ணே!”

தூக்கினோம். தீயணைப்பு வண்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே வழி போதவில்லை. தீயணைப்பு ஆட்களும் சேர்ந்து வண்டியை மெத்தையோடும் அன்புசெல்வியோடும் தலைக்குமேல் தூக்கி இந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். சுப்பராயன் மிதிக்க, நானும் அண்ணனும் பின்னால் தள்ள, அண்ணி பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்.

மணிக்கூண்டு வந்ததும் அண்ணனுக்கு நப்பாசை. தெருவைத் தாண்டி வந்துவிட்டோமே, இப்போது தனிச் சம்பவமாக எடுத்துக்கொள்வார்களே என்று மறுபடி போட்டார். இந்த முறை இயக்குநரே எடுத்துவிட்டார்.

“சாயப்பட்டறைத் தெரு சக்கரபாணிதானே? இப்போது எங்கே?”

“மணிக்கூண்டு சார். இப்பவாச்சும்...”

“மணிக்கூண்டா! தீ மணிக்கூண்டு வரை பரவிவிட்டதா?”

“பரவல சார், நாங்க நடந்து வந்தோம்!”

“அதே சம்பவம், அதே நபர், இடம் மட்டும் தள்ளியிருக்கிறது. இதற்குப் பெயர்தான் பரவல். தீ தெற்கு நோக்கி நகர்கிறது. எல்லா வண்டிகளும் மணிக்கூண்டுக்கு!”

நாங்கள் காத்திருக்கவில்லை. மகாத்மா காந்தி சாலையில் முடிந்தவரை வேகமாகப் போனோம். அஜந்தா சிக்னலில் வந்து மாட்டிக்கொண்டோம். ஒரு அம்மன் ஊர்வலம் குறுக்கே. மேளம், பம்பை, கரகம், தண்ணீர்ப் பந்தல், பலூன் விற்கிறவன் என்று சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. வழி விடுங்க, வழி விடுங்க என்று நாங்கள் கத்தியது எங்களுக்கே கேட்கவில்லை. அன்புசெல்வி “முடியலம்மா” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பின்னாலிருந்து மணிச் சத்தம். பார்த்தால் அதே மூன்று தீயணைப்பு வண்டிகள்! மணிக்கூண்டில் தீயைத் தேடிக் காணாமல், அடுத்து எங்கே பரவியது என்று பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். மீசைக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி எங்களைப் பார்த்தார். மெத்தையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“யோவ், பெரியவரே! போன் பண்ணுய்யா! நீ போன் பண்ணாதான் எனக்கு முன்னாடி போக உத்தரவு வரும்!”

சக்கரபாணி அண்ணன் பிறந்ததிலிருந்து பொய் சொல்லாதவர். அரிசி மாவில் ரவை கலந்தால்கூடச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார். அவர் போனை எடுத்து, நெஞ்சை நிமிர்த்தி, “சார், தீ அஜந்தா சிக்னலுக்கு வந்துடுச்சு சார்! சோறு வடிக்கிற நேரத்துல டவுனுக்குள்ள பூந்துடும் சார்!” என்று அலறினார். குரலில் இருந்த பதற்றம் மட்டும் சத்தியமானது.

அடுத்த நிமிஷம் சைரன். சாமியே ஒதுங்கியது. மேளம் நின்றது. கரகக்காரர் கரகத்தோடு நடைபாதையில் ஏறினார். ஒரு தீயணைப்பு வண்டி முன்னால் போய் வழி பிளக்க, நடுவில் எங்கள் மெத்தை வண்டி, பின்னால் இரண்டு தீயணைப்பு வண்டிகள். ஒரு மந்திரிக்குக்கூட அப்படி ஒரு மரியாதை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அண்ணன் போன் போட்டார். “தீ இடதுபக்கம் திரும்புது சார்! இப்ப நேரா போவுது சார்!” சுப்பராயன் மூச்சிறைக்க மிதித்துக்கொண்டே சிரித்தார். அன்புசெல்விகூட ஒருதரம் கண்ணைத் திறந்து, “இன்னாப்பா சொல்றே?” என்று கேட்டாள்.

பிரசவ ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்ததும்தான் எங்களுக்கு அடுத்த பயம். பண்டிகை நாள், உள்ளே யார் இருப்பார்கள், வரிசையில் நின்று சீட்டு வாங்கி யாரைப் போய்க் கூப்பிடுவது என்று. ஆனால் கேட்டிலேயே டாக்டரம்மா, நர்சுகள், தள்ளுவண்டியோடு ஆயாக்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். மையத்திலிருந்து போன் வந்திருக்கிறது: பெருந்தீ ஒன்று உங்கள் ஆஸ்பத்திரியை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, தயாராக இருங்கள் என்று. தீ வருகிறதா என்று பார்க்க வந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா அன்புசெல்வியின் வயிற்றில் கை வைத்தார். முகம் மாறியது. “நேரா தியேட்டருக்கு” என்று ஒரே வார்த்தை. அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணி பின்னாலேயே ஓடினார். அண்ணன் தீயணைப்பு வண்டியின் படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அப்போது மூலக்குளத்து ஆம்புலன்ஸ் வந்து நின்றது. பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். ஸ்ட்ரெச்சரில் நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் பெல்ட் கட்டிய நிலையில் மாப்பிள்ளை கோபிநாத் கிடந்தான்.

“யாருக்கு வலி?” என்று நர்சு கேட்டாள்.

“இவருக்குத்தான். மூலக்குளம் பிரசவ கேஸு” என்றார் ஆம்புலன்ஸ்காரர். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இன்னா பண்றது சொல்லுங்க? காலி வண்டியா திரும்பினா பொய் அழைப்புன்னு இவர் மேல கேஸு, எம் மேல மெமோ. படுங்க சார்னு படுக்க வெச்சுக் கொண்டாந்துட்டேன்.”

“மாமா, எறங்க வுட மாட்றாங்க மாமா” என்றான் கோபிநாத். அவனை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பெல்ட்டைக் கழற்றினார்கள். பெயர், வயது, எத்தனையாவது பிரசவம் என்று கேட்டார்களாம். முதல் பிரசவம் என்று பயபக்தியோடு சொன்னானாம்.

உள்ளேயிருந்து ஒரு அழுகைச் சத்தம் வந்தது. சின்ன அழுகை இல்லை, தெருவைக் கூட்டுகிற அழுகை. அண்ணி கதவைத் திறந்துகொண்டு வந்து, “பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!” என்றார். சுப்பராயன் அண்ணனைக் கட்டிக்கொண்டார். அண்ணனின் வெள்ளைச் சட்டையெல்லாம் கரி. மீசைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஆகாயத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்?

சரியாக அந்த நேரம் பார்த்து இயக்குநரின் ஜீப் வந்தது. கூடவே பத்திரிகைக்காரர் ஒருவர், போட்டோக்காரர் ஒருவர். இயக்குநர் தீயணைப்பு வண்டி முன்னால் நின்று தலையைக் கோதிக்கொண்டார்.

“முத்தியால்பேட்டையில் மூண்ட தீ, நகரின் பாதியைக் கடந்து வந்தும் ஒரு குடிசைகூட எரியவில்லை என்றால் அது எங்கள் முறையின் வெற்றி. தீயை ஒவ்வொரு திருப்பத்திலும் தொடர்ந்து கண்காணித்து, ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினோம். அதே வேளையில் மூலக்குளத்தில் ஒரு பிரசவத்தையும் தனியாகப் பிரித்தறிந்து காப்பாற்றியிருக்கிறோம். இரண்டையும் ஒரு கணம்கூடக் குழப்பிக்கொள்ளவில்லை.”

அண்ணன் எழுந்து போய், கையைக் கட்டிக்கொண்டு, “சார், அந்தப் பிரசவம் எம் பொண்ணோடது சார்” என்றார்.

இயக்குநர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். “உங்களுடையது தீ, பெரியவரே. அதிர்ச்சியில் இருக்கிறீர்கள். ஓய்வெடுங்கள்” என்றார். போட்டோவில் அண்ணன் தீயில் தப்பிய முதியவராக வந்தார். கோபிநாத் படம் அதைவிடப் பெரிதாக வந்தது. படத்துக்குக் கீழே என்னவென்று போட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அன்புசெல்வி குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்றைக்கு நானும் சுப்பராயனும் அங்கேதான் இருந்தோம். குழந்தை வந்ததிலிருந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. அண்ணி தூக்கிப் பார்த்தார், அண்ணன் தூக்கிப் பார்த்தார், அடங்கவில்லை. செல்போன் அடித்தது.

“வணக்கம். உங்கள் அவசரம், எங்கள் நிதானம். சக்கரபாணி சாரா? உங்க தீ விபத்து சேவையப் பத்திக் கருத்துக் கேக்கணும். தீ முழுசா அணைஞ்சுடுச்சா சார்?”

பூர்ணிமாவின் குரல். அண்ணன் தோளில் கிடந்த பேத்தியைப் பார்த்தார்.

“எங்கம்மா? இப்பத்தான் நல்லா பத்திக்கிச்சு. யார் தூக்கினாலும் அடங்க மாட்டேங்குது.”

“இன்னொரு வண்டி அனுப்பட்டுமா சார்?”

“வேணாம் தாயி. நீங்க வண்டி அனுப்பினா அப்பறம் நாங்க தூக்கிக்கிட்டு ஓடணும்.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு அவள் மெதுவாக, “என்ன கொழந்த சார்?” என்றாள்.

“பொண்ணும்மா. மூணு கிலோ.”

“அம்மா நல்லா இருக்காங்களா?”

“உன் புண்ணியத்துல ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம். பின்னால் யாரோ அதிகாரி நடந்து வந்திருக்க வேண்டும். அவள் குரல் சட்டென்று நிமிர்ந்துகொண்டது.

“மிக்க நன்றி சார். சாயப்பட்டறைத் தெரு தீ விபத்து, தாயும் சேயும் நலம்னு போட்டு முடிச்சுடறேன்.”